கடைத்தெருப் பூ

பங்குனி பிறந்ததும் நிலாவின் வீட்டுத் தோட்டத்தில் கனகாம்பரம் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. குரோட்டன்ஸ்கூட இலையெல்லாம் சிவந்து நின்றது. ஆனால், தினமும் சாமிக்கென்று கூடையை நீட்டும் எதிர்வீட்டு வசந்தாவை மட்டும் ஒரு வாரமாகக் காணோம்.

நிலாவே போய்க் கேட்டாள். "பூ வேணாமாக்கா?"

"நீங்க காலனி ஆளுங்கன்னு இப்பதான் தெரிஞ்சுது. தப்பா எடுத்துக்காத. இனிமே சாமிக்குக் கடைத்தெருவுலயே வாங்கிக்கறேன்."

நிலா விடவில்லை. "போன வாரம் வரைக்கும் உங்க சாமிக்கு ஒண்ணும் ஆவலையேக்கா?"

வசந்தா கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, செஞ்சிக் கடைத்தெருவில் பூக்கடை வைத்திருக்கும் சாந்த் பாஷா வழக்கம்போலக் கடைக்குப் பூ எடுக்க நிலா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பறித்த பூவையெல்லாம் அவர் கூடையில் கொட்டினாள் நிலா.

"எதிர்வீட்டம்மா சாமிக்கு உங்க கடைப் பூதான் வேணுமாம். நல்லதாப் பாத்துக் குடுங்க பாய்."