டாக்டர் வீட்டுப் பச்சை

டாக்டர் கேட்டது இளம்பச்சை. பெயிண்ட் கடையிலேர்ந்து போனது கிளிப்பச்சை. ஆளுங்களும் அவரு வீட்டு கிளினிக்கோட வாசப் பக்கச் சுவரு முழுக்க அடிச்சு முடிச்சுட்டாங்க!

"என்னங்க இது, கிளினிக்கா கிளிக்கூண்டா? வர்ற பேஷண்ட் எல்லாம் சிரிக்கிறான்!"

கடையில அத்தன பேர் முன்னாடி டாக்டர் கத்திட்டுப் போயிட்டாரு. கடைய ஆரம்பிச்ச அப்பாவுக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

"எருமை! ஒரு மாசத்துல நாப்பது வருஷப் பேரக் கவுத்துட்டியேடா!"

தம்பி தலையக் குனிஞ்சான். "போன் பேசிட்டே கலந்துட்டேன்ப்பா."

பக்கத்துல நின்ன அக்காவுக்கு உள்ளுக்குள்ள, 'நல்லா வேணும்!'

எல்லாருக்கும் அவ 'பாப்பா'. முப்பத்தெட்டு வயசுப் பாப்பா! சுவத்துலேர்ந்து பேந்த ஒரு சில்லக் காட்டினா போதும், கண்ணால பாத்தே அதே கலரக் கலந்து குடுத்துடுவா. அப்பாவுக்குக் கண்ணு மங்கினதுலேர்ந்து, பதினஞ்சு வருஷமா கடையே அவதான்.

ஆனா போன மாசம் அப்பா கூப்பிட்டு சாவியக் குடுத்தது யாருகிட்ட? ஸ்கூல்ல விளையாட்டு வாத்தியாரா இருந்த தம்பிகிட்ட!

"பாப்பா இருக்காளேங்க..."ன்னு அம்மா இழுத்தாங்க.

"கடைன்னா பையன் உக்காரணும்டி. இல்லன்னா நாலு பேரு என்ன பேசுவான்?"

அன்னியிலேர்ந்து பாப்பா அந்த முதலாளி நாற்காலியத் தினமும் துடைப்பா. உக்கார மாட்டா. தம்பி "உக்காருக்கா"ன்னாலும் மாட்டா. அப்பா வாயால ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, "நீ உக்காரும்மா"ன்னு வராதா!

இன்னிக்கு அப்பா தம்பி கையிலேர்ந்து சாவியப் புடுங்கி மேஜையில போட்டாரு.

"இந்தா பாப்பா. இனிமே நீயே பாத்துக்க. வேற வழி?"

சாவி வந்துடுச்சு! ஆனா அந்த 'வேற வழி' இருக்கே, அது முள்ளு மாதிரி உள்ள போய் நின்னுக்கிச்சு.

தம்பி பைய எடுத்துத் தோள்ல மாட்டினான். "நான் பழையபடி ஸ்கூலுக்கே போறேன்க்கா."

"போ போ. உருப்படியா ஒரு டப்பா கலக்கத் தெரியல, உனக்கெல்லாம் கடை ஒரு கேடா?"

அவன் சிரிச்சான். "வரட்டுமா, முதலாளி?"

டாக்டருக்குப் புதுசா கலக்கணுமேன்னு பாப்பா பின்னாடி ரூமுக்குப் போனா. காலி டப்பாங்களுக்குப் பின்னாடி, சாக்குப் போட்டு மூடி வச்ச அஞ்சு டப்பா.

ஒண்ணத் தொறந்தா, இளம்பச்சை! டாக்டர் கேட்ட அதே இளம்பச்சை. மூடி மேல ஒரு துளி தடவி, காயவிட்டுப் பாத்திருந்தான் தம்பி. 'காஞ்சாத்தான்டா நெஜக் கலர் தெரியும்'னு அவதான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தா.

கூடவே ஒரு சீட்டு. தம்பி கையெழுத்து.

"அக்கா, டாக்டருக்கு இத அனுப்பிடு. நான் வந்து என் கையாலயே அடிச்சுத் தரேன். பதினஞ்சு வருஷம் நீ நல்லா செஞ்சு பாத்துட்ட, அப்பா மாறல. நான் ஒரு தடவ சொதப்பிப் பாக்குறேன்."

பாப்பா வாசலுக்கு ஓடினா. அவன் ஏறின பஸ் போயிடுச்சு.

உங்க வீட்லயும் இப்படி வேணும்னே தோத்துட்டு, உங்ககிட்ட திட்டும் வாங்கிட்டுப் போனவங்க யாராச்சும் இருக்காங்களா?