வேண்டாத சாமான்கள்

"அந்த வாணலியை எதுக்குடி மறுபடியும் உள்ள கொண்டு வர்றே?"

அவள் அப்படிக் கேட்டது அறைத்தோழி 'மூட்டை'யிடம். மூட்டையோ, குப்பைக்கென்று வராந்தாவில் வைத்திருந்த அட்டைப்பெட்டியிலிருந்து வாணலியை எடுத்துப் பழைய துண்டால் துடைத்து, தன் சாக்குக்குள் போட்டுக்கொண்டாள்.

படிப்பு முடிந்துவிட்டது. மதியத்துக்குள் விடுதி அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும்.

எதையும் எறியாமல் கட்டிலுக்கடியில் கட்டிக் கட்டி வைப்பதால்தான் தோழிக்கு அந்தப் பட்டப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபப்படக்கூட மாட்டாள், "என்னடி?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

அவளோ எல்லாவற்றையும் எறிந்துகொண்டிருந்தாள். ஜன்னல் திரை, பக்கெட், கொடிக்கயிறு, கைப்பிடி உடைந்த குக்கர்.

அவளுக்கு இந்த ஊரிலேயே நல்ல வேலை கிடைத்திருந்தது. ஆனால், "தனியா எல்லாம் தங்க வேண்டாம். பேசாம வீட்டுக்கு வந்துடு" என்று அண்ணன் போனில் ஒரே போடாகப் போட்டுவிட்டான். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

இனி வாணலி இருந்தென்ன, போயென்ன?

"திரையையும் எடுத்துக்கவா?" என்றாள் மூட்டை.

"எடுத்துக்கோ. என்னையும் மடிச்சு உள்ள வச்சுக்கோ."

"நீ கொஞ்சம் கனம்டி."

மூட்டை சிரித்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டைக்கு மேற்படிப்பும் இதே ஊரில்தான். அக்கா வீட்டில் சொகுசாக இருந்து படிக்கப்போகிறாள். இவளுக்கு எதற்கு இந்த ஓட்டை உடைசல் எல்லாம்?

மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள். ஊருக்குப் போறியே என்று ஒரு வார்த்தை உண்டா? கண்ணெல்லாம் சாமான் மேலே!

"ஏண்டி, நான் போறதுல உனக்கு வருத்தமே இல்லையா?"

மூட்டை குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குக் கைப்பிடி மட்டும் மாத்தினா போதும், இல்ல?"

இவள் முன்னால் அழக்கூடாது என்று அவள் தன் பெட்டியை அழுத்தி மூடினாள்.

கீழே வண்டிச் சத்தம். அண்ணன் வேனோடு வந்துவிட்டான்.

மாடியேறி வந்தவனிடம் மூட்டை கொஞ்சமும் கூச்சமில்லாமல், "அண்ணா, அந்த மூணு சாக்கும் வண்டிக்குப் போகணும். பாத்து, உள்ள கண்ணாடி டம்ளர் இருக்கு" என்றாள்.

அவனும் மறுபேச்சில்லாமல் தூக்கினான். வீட்டையே ஆட்டிவைக்கிற அண்ணன்!

அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. படியில் போய் வழிமறித்தாள்.

"அதெல்லாம் இவளோட சாக்குண்ணா. நீ எதுக்குச் சுமக்கிறே? நான் தூக்கிப் போட்டதைப் பொறுக்கிக்கிட்டது பத்தாதுன்னு, உன்னை வேற சுமை தூக்க வைக்கிறா!"

அண்ணன் மூட்டையைப் பார்த்தான். "இன்னும் சொல்லலையாம்மா நீ?"

"நீங்க பாத்துட்டு வந்து சொல்லட்டும்னு இருந்தேண்ணா. ஆசை காட்டிட்டு இல்லைன்னு ஆயிட்டா, பாவம், தாங்க மாட்டா."

"என்னத்தைப் பாத்துட்டு?" அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அண்ணன் சாக்கை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டான். குரலில் என்னவோ அதே அதட்டல்தான்.

"'தனியா இருந்தாத்தானே விட மாட்டீங்க, நானும் கூட இருந்தா?'ன்னு ஒரு வாரமா இவ போன்ல என் உயிரை வாங்கிட்டா. அக்கா வீடு வேண்டாம்னுட்டு, உன் ஆபீஸுக்கு அடுத்த தெருவுல ரெண்டு பேருக்கும் மாடியில ஒரு ரூம் பிடிச்சிருக்கா. வர்ற வழியில நானும் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. வழியை விடு, உங்க சாமானை அங்க இறக்கிட்டு, இருட்டுறதுக்குள்ள நான் ஊர் போய்ச் சேரணும்!"