வாடகை அன்டெனா

புருஷன் நளீம் கடலில் காணாமல் போய் ஒரு கிழமை தாண்டிவிட்டது. சிபானா அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, எவனோ ஒருவனிடம் இங்கிலீசில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு சல்மா உம்மா கதவில் காதை வைத்துக் கேட்டாள். "ஆம்புளக் குரல்தான் கா. இவக்கு வெள்ளச் சீல எடுக்கிறதா இல்லயா எண்டு நாங்க யோசிக்கிறம், அவ உள்ளுக்க போன்ல கொஞ்சிற."

"கெம்பஸ் படிச்ச புள்ளையளுக்கு எல்லாம் வேற மாதிரித்தானே" என்றாள் கூட வந்தவள்.

ஹோலில் நளீமின் உம்மா, மகனின் அலுமாரியைத் திறந்து போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "எடுத்து மணத்திப் பாக்க ஒரு நல்ல சட்ட இல்ல. பெருநாளைக்கு வாங்கின சப்பாத்தும் இல்ல. எல்லாத்தையும் கடல் கொண்டு போயிட்டே, யா அல்லாஹ்!"

சுற்றியிருந்த பெண்கள் அவள் முதுகைத் தடவினார்கள். சிபானாவின் உம்மா குசினியில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். சிபானாவின் அறைக்குள் மட்டும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவள் கொஞ்சவில்லை. அவள் செய்துகொண்டிருந்தது வேலை.

வானத்தில் செய்மதி விட்டிருப்பவர்கள் எல்லாருக்கும் தரையில் சொந்த அன்டெனா கிடையாது. உலகம் முழுக்க நட்டுவைத்த அன்டெனாக்களை இணையத்தின் வழியே அவர்களுக்கு வாடகைக்கு விடுகிற வெளிநாட்டுக் கம்பனி ஒன்றில் அவளுக்கு வேலை. எந்தச் செய்மதி எந்த அன்டெனாவின் தலைக்கு மேலே வரும், அந்தச் சில நிமிடங்களை யாருக்குக் கொடுப்பது என்று கல்முனையில் இந்த அறைக்குள் இருந்தபடி ஒழுங்கு செய்வாள்.

நளீம் அதை ஒரு நாளும் கேட்டதில்லை. "கொம்பியூட்டர்ல என்னமோ தட்டிற" என்று கூட்டாளிமாரிடம் சொல்லிச் சிரிப்பான். அந்தக் கூட்டாளிமாரில் இரண்டு பேரோடுதான் தன் ஆழ்கடல் படகில் போனான்.

கடற்படை தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. பள்ளிவாசலில் துஆவும் கேட்டாயிற்று. சிபானாவிடம் மிஞ்சியிருந்தது வானம் மட்டும்தான்.

கடலைப் படம் எடுக்கிற செய்மதி வைத்திருந்த கம்பனி ஒன்று அவளுடைய வாடிக்கையாளர். அங்கே இருந்த பொறியியலாளனிடம்தான் அவள் நாளும் பொழுதும் கெஞ்சினாள். படம் எடுத்துத் தரலாம், ஆனால் உடனே இறக்குவதற்கு அன்டெனா வேண்டுமே என்றான் அவன். வேறு யாரோ வேண்டாம் என்று கைவிட்ட நேரங்களைப் பொறுக்கி, மேலதிகாரியிடம் சண்டை பிடித்து, அவனுக்குக் கொடுத்தாள்.

படம் படமாகத் தண்ணீர்தான் வந்தது. ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் படகென்று நம்பிப் பெருப்பித்தாள். ஒவ்வொன்றும் மேகமாகவோ அலையாகவோ முடிந்தது. வெளியே பத்துப் பேர் கூடி அழுதார்கள். உள்ளே அவள் ஒருத்தி மட்டும் அழாமல் ஒரு சமுத்திரத்தையே துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு வந்த படத்தில் ஒரு படகின் மேலே நளீமின் பச்சைத் தறப்பாள் இருந்தது. அதன் நடுவில் ஒரு மஞ்சள் ஒட்டு. கிழிந்த இடத்துக்கு அதை வைத்துத் தைத்தவளே அவள்தான்.

பின்னேரம் அஸருக்கு வாங்கு சொல்லும்வரை அவள் அசையவில்லை. பிறகு கதவைத் திறந்தாள்.

"கண்டுட்டன். உசிரோட, ஹயாத்தோட இரிக்கார்."

வீடு ஒரே கூச்சலானது. மாமி, நளீமின் உம்மா, ஓடிவந்து திரையிலே வாயை வைத்து முத்தமிட்டாள். "நான் அப்பவே சொன்னன், புள்ள சும்மா இரிக்க மாட்டா எண்டு!" என்று சல்மா உம்மா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

நளீமின் மூத்த சகோதரன் ஸலாஹுதீன் காக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவனும் கடல் தொழில்காரன்தான். "எவடத்தில?"

"சுமாத்திராவுக்கும் கீழ."

"அவ்வளவு தூரமா? அப்ப எஞ்சின் போயிட்டு. நீரோட்டம் இழுத்துக்கிட்டுப் போயிரிக்கி. குடிக்கத் தண்ணியும் முடிஞ்சிரிக்கும்." போனைக் காதில் வைத்தான். "நேவிக்கு அடிக்கிறன். இடத்தச் சுறுக்காச் சொல்லு."

சிபானா படத்தைப் பெருப்பித்தாள். படகின் முகம் ஊருக்கு முதுகைக் காட்டி, வேறு நாட்டுப் பக்கமாகத் தென்கிழக்கே பார்த்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு, எஞ்சின் கடலைக் கிழித்த கோடு, அடிமட்டம் வைத்து இழுத்தாற்போல நேராக நீண்டு கிடந்தது.

ஸலாஹுதீன் போனைக் காதிலிருந்து மெல்ல எடுத்தான்.

"ஏன்டா மகன் பாத்துக்கிட்டு நிக்கிற?" மாமி அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். "போய் எண்ட புள்ளயக் கூட்டிக்கிட்டு வாங்களன்!"

சிபானா மடிக்கணினியை மூடினாள்.

"தேட வேணாம் மாமி, அவர் நம்மள உட்டுட்டுப் போறார்."