முட்டையும் முட்டுக்கட்டையும்

காதில் விழுவதைத் தப்பாகப் புரிந்துகொள்வோமோ என்று சிலுப்பிக் கோழிக்கு இன்றும் பயம்.

அது மேட்டுச் சாலை டீக்கடையில் வளர்ந்த கோழி. பத்து நாளாக முட்டையே இல்லை. "இன்னைக்கும் போடலைன்னா நாளைக்குக் குழம்புதான்" என்று கடைக்காரி பவளம் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, மேட்டில் ஏறிய லாரி ஒன்று பின்னுக்கு நழுவியது. "அக்கா, சீக்கிரம் முட்டுக்கட்டை போடுங்க" என்று கத்தினார் டிரைவர்.

கோழியின் காதில் முட்டை மட்டும்தான் விழுந்தது. இவ்வளவு மரியாதையாக அதனிடம் யாரும் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பின்சக்கரத்தடியில் உட்கார்ந்து, முக்கி ஒன்றைப் போட்டுவிட்டது.

"என்னை நிறுத்த இதுதான் கிடைச்சுதா?" என்று சிரித்தபடி சக்கரம் உருண்டு வந்தது.

அதற்குள் பவளம் பெஞ்சுக்கடியில் கிடந்த மரக்கட்டையைக் கொண்டுவந்து சக்கரத்துக்குப் பின்னால் செருகினாள். முட்டைக்கு ஒரு விரற்கடை தள்ளி லாரி நின்றது.

"நீ யாருப்பா?" என்று அந்தக் கட்டையைக் கேட்டது கோழி.

"முட்டுக்கட்டை."

"ஐயோ, அது திட்டுற வார்த்தையாச்சே. நல்ல காரியத்தைக் கெடுக்கிறவனைத்தானே அப்படிச் சொல்லுவாங்க?"

"இந்தச் சக்கரமும் அப்படித்தான் திட்டும். உருளவிடாம முட்டுக் கொடுக்கிறது என் வேலை, தாயி. முட்டை போடுறது உன் வேலை. இடத்தை மாத்திக்காதே."

பவளம் முட்டையை எடுத்துக்கொண்டு, குழம்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

குழம்புக்குத் தப்பிவிட்டோம் என்று கோழிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. அன்றிலிருந்து யாராவது "ஒரு டீ போடுங்க" என்றால்கூட, எதற்கும் இருக்கட்டுமென்று அந்தக் கட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து முக்கிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது.