கண் அசந்த நேரம்

"எப்போ கண் அசந்தே?" என்று கேட்டார் வக்கீல்.

"மத்தியானம் சார். சாப்பாட்டுக்கு அப்புறம்."

"தரையைப் பார்த்துச் சொல்லாதே. என்னைப் பார்த்துச் சொல்லு."

பாய்லர்காரர் நிமிர்ந்தார்.

துணிக்குச் சாயம் போடும் ஆலையின் அலுவலக அறை அது. ஜன்னலுக்கு வெளியே, பாய்லர் கூடம் இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. சுருண்டுபோன தகரங்களை இன்னும் யாரும் அள்ளவில்லை.

சுவரில் ஒரு வணிகப் பத்திரிகையின் அட்டை, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதில் முதலாளி கை கட்டி நின்று சிரித்தார். கீழே பெரிய எழுத்தில், 'தூக்கத்தைக் குறைத்தார், தொழிலைக் கூட்டினார்.'

முதலாளி அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி ஜன்னலருகே நின்றிருந்தார். வலது கையில் கட்டு. விபத்தன்று இடிபாட்டுக்குள் முதலில் இறங்கியவர் அவர்தான் என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள்.

"பாய்லர் முன்னாடி உட்கார்றவனுக்கு என்ன வேலை?"

"கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கிட்டே இருக்கணும் சார். உள்ளே தண்ணி எவ்வளவு இருக்குன்னு அதுல தெரியும். குறைஞ்சா பம்பைப் போடணும்."

"அதை விட்டுட்டுத் தூங்கினே."

பாய்லர்காரர் தலையசைத்தார்.

"கச்சேரி கேட்க வந்தவன் மாதிரி தலையாட்டாதே. வாயைத் திற."

"தூங்கிட்டேன் சார்."

"பட்டப்பகல்ல என்னய்யா தூக்கம்?"

"பெரிய ஆர்டர் சார். அந்த வாரம் முழுக்கச் சரியாக் கண்ணை மூடலே. காபியைக் குடிச்சே வண்டி ஓடுச்சு. இந்தச் சரக்கு மட்டும் போயிட்டா ஆலைக்கு நல்ல காலம்னு ஒரு வேகம்."

"அப்புறம்?"

"பாட்டுக்காரர் கத்தின சத்தத்துல முழிப்பு வந்தது. பார்த்தா குழாயில தண்ணியே இல்லே. பதறிப்போய்ப் பம்பைப் போட்டுட்டு வெளியே ஓடினேன்."

அடுப்புக்கு விறகு தள்ளும் ஆளைத்தான் ஆலையில் எல்லோரும் பாட்டுக்காரர் என்பார்கள். வேலை நேரத்தில் அவர் வாய் மூடியதில்லை. அன்று அந்தக் கூடத்தில் இருந்தது இரண்டே பேர். அவர் வெளியே வரவில்லை.

வக்கீல் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"இவ்வளவு காலமா பாய்லர் பார்க்கிறே. காய்ஞ்சு கிடக்கிறதுல பச்சைத் தண்ணியை விட்டா வெடிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும் சார். முதல்ல நெருப்பை வெளியே இழுத்துப் போடணும். புதுசா வர்றவனுக்கு முதல் நாள் சொல்றதே அதுதான்."

"அப்புறம் ஏன் செஞ்சே?"



"தூங்காத மண்டை சார். கண்ணு திறந்திருக்கும். புத்தி திறந்திருக்காது."

"நல்லா இருக்கு. இதை இப்படியே சொல்லு," என்றார் வக்கீல். "சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வர்றார். வேணும்னு செஞ்சதுன்னு சொல்ல மாட்டாங்க. அசட்டைன்னுதான் கேஸ் போடுவாங்க. ஆனா ஒரு உயிர் போயிருக்கு. உள்ளே இருந்துட்டுத்தான் வரணும்."

"எவ்வளவு காலம் சார்?"

"அது நீ பேசறதைப் பொறுத்தது. வளவளன்னு பேசினா கூடும். வீட்ல சொல்லிட்டியா?"

"சொன்னேன். அதுலேர்ந்து அவ என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லே. காலையில பாட்டுக்காரர் சம்சாரம் வாசல்ல வந்து நின்னு, கொலைகாரா, தூக்கம் பிடிச்சவனேன்னு வாய்க்கு வந்தபடி ஏசிட்டுப் போச்சு. அதையும் கேட்டுக்கிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தா."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? அந்தம்மா புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்குது."

முதலாளி முதல்முறையாகத் திரும்பினார். கண்கள் சிவந்து இடுங்கியிருந்தன. விபத்துக்குப் பிறகும் அவர் தூங்கியதாகத் தெரியவில்லை.

"நான் இருக்கிற வரைக்கும் உன் குடும்பம் தெருவுக்கு வராது," என்றார். "உன் பொண்ணு படிப்பு என் பொறுப்பு."

"தெரியும் முதலாளி."

"ஆலை நிக்கக் கூடாது. இத்தனை பேர் இதை நம்பி இருக்காங்க."

"அதுவும் தெரியும் முதலாளி."

முதலாளி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கடைசியா ஒண்ணு. எப்படித் தூங்கினே?"

"எப்படின்னா?"

"கீழே படுத்தா, உட்கார்ந்தபடியேவா?"

"நாற்காலியில உட்கார்ந்தபடியே சார்."

"தலை எந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்தது? சுவர் பக்கமா, பம்ப் பக்கமா?"

பாய்லர்காரர் வாயைத் திறந்து, மூடினார்.

"என்னய்யா முழிக்கிறே? இந்த மாதிரி அற்பக் கேள்வியிலதான் ஆளைப் பிடிப்பாங்க. சட்டுனு சொல்லு."

பாய்லர்காரர் எழுந்து நின்றார். வக்கீலைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தார்.

"அதை நீங்கதான் சொல்லணும் முதலாளி. 'நீ வீட்டுக்குப் போய்ப் படு, எனக்குத் தூக்கமெல்லாம் தேவையில்லே, பாய்லரை நானே பார்த்துக்கறேன்'னு என்னை அனுப்பி வெச்சீங்களே, அன்னிக்கு எந்தப் பக்கம் சாய்ஞ்சு தூங்கினீங்க?"