வெறுங்கை

லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியின் ஊழியர் ஓய்வறையில் குழல்விளக்கு விட்டுவிட்டுத் துடிக்கிறது. கண்காணிப்புக் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ரொவேனாவின் சட்டையில், காலையிலிருந்து சீட்டுப் போட்ட மேசையின் சிகரெட் நாற்றம். சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில், தொழிற்சங்கத்தில் சேரும் அட்டையை நகர்த்துகிறாள், உடன் வேலை பார்க்கும் கிளெண்டா. "சீக்கிரம்க்கா! இதுக்குத்தான் போன வாரம் ஒருத்திய வேலைய விட்டுத் தூக்கினாங்க." "நீ வாய மூடுனா பேனா ஓடும்டி." கசியும் பேனா இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறை கையெழுத்து விழுகிறது. அட்டை கிளெண்டாவின் காலுறைக்குள் மறைகிறது. ரொவேனா எழுந்து திரும்புகிறாள். மேசையை விட்டு எழும்போதெல்லாம் பந்தயப் பணச் சில்லு எதையும் திருடவில்லை என்று காட்டிப் பழகிய கைகள், அவளைக் கேட்காமலே ஒன்றோடொன்று ஒருமுறை தட்டி, கேமராவை நோக்கி விரிகின்றன. "ஐயோ அக்கா!" உள்ளங்கை நிறைய நீல மை.