பிரேக் தானாகப் பிடிக்கிறது

காரணத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டுதான் கணவர் மனைவியோடு மெக்கானிக்கிடம் வந்தார்.

"குதிரை ஏத்திட்டுப் போற ட்ரெய்லர்ப்பா, வளைவுல பிரேக் தானா பிடிக்குது. வயரிங் கோளாறு. இருபது வருஷ அனுபவம், சும்மாவா!"

"இன்னொரு தடவை உள்ள குதிரை விழுந்தா, நம்மளை வேலைக்கே கூப்பிட மாட்டாங்க," என்றாள் மனைவி.

மெக்கானிக் முன்னால் இழுக்கும் பிக்கப் வண்டியின் பிளக்கிலிருந்து ட்ரெய்லர் சக்கரம் வரை சோதித்தார். பழுதே இல்லை.

"எப்பவும்போல ஓட்டிக் காட்டுங்க," என்று பின்சீட்டில் ஏறினார்.

மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கணவர் பக்கத்து சீட்டில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

முதல் வளைவிலேயே ட்ரெய்லர் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தது.

"ஓரங்கட்டுங்கக்கா. சார், டேஷ்போர்டுக்குக் கீழ நீங்க பிடிச்சிருக்கற அந்த லீவரை விடுங்க. ட்ரெய்லர் பிரேக்கைக் கையால பிடிக்கறது அதுதான்."

மனைவி கணவரைப் பார்த்தாள்.

"இவ்வளவு பேசறீங்களே, நான் வளைவுல திருப்பினா பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வராதா?"